கண்ணாடிப் பெட்டிக்குள் குளிர்காலம்

அந்த வருஷம் கோடை எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது, பருவப் பராமரிப்பு இயக்ககத்தைத் தவிர. தார்ச்சாலை செருப்பைப் பிடித்து இழுத்தது. குழாயைத் திறந்தால் டீ போடுகிற சூட்டில் தண்ணீர் வந்தது. தெருநாய்கள் பூட்டிய கடைகளின் படிக்கட்டுக்கு அடியில் சுருண்டுகொண்டு, யார் கூப்பிட்டாலும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டன. ஆனால் குளிர்காலம் முடிந்துவிட்டதாக இயக்ககம் இன்னும் அறிவிக்கவில்லை. அது அறிவிக்கும்வரை அந்தக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு வியர்க்க உரிமை கிடையாது.

உரிமை இருந்திருந்தாலும் பொத்தான் அக்காவின் கணவருக்கு வியர்க்காது. அவர் உயரமான கட்டடங்களில் சாரத்தில் நின்று வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் சாரம் இறங்கியது, அவரும் இறங்கினார், அவர் கொஞ்சம் வேகமாக. முதுகெலும்பில் அடி. நெஞ்சுக்குக் கீழே எதுவும் இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் அக்காவைத் தனியே கூப்பிட்டு, இவர் உடம்பு இனிமேல் வியர்க்காது, சூட்டை வெளியே விடுகிற வழியெல்லாம் அடைத்துப்போய்விட்டது, வெளியில் என்ன சூடோ அதுதான் இவர் சூடு என்றார். கோடையில் அறையைக் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டால் பிழைத்துக் கிடப்பார். இல்லாவிட்டால் என்ன என்று அக்கா கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை.

அக்காவுக்கு அந்தப் பெயர் அவள் வேலையால் வந்தது. ஒரு சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே காஜா எடுத்துப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள். கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, ஒரு கண் ஊசியிலும் ஒரு கண் அவர் மேலுமாக உட்கார்ந்திருப்பாள்.

அந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் ஒரு ஏசி, ஒரு ஹீட்டர். ஏசி சுவரில் மேலே இருக்கும். ஹீட்டர் கீழே, கட்டடத்தின் அடித்தளத்தில் உள்ள பாய்லரிலிருந்து குழாய் வழியாகச் சூடு வாங்கிக்கொண்டு கொதிக்கும். இரண்டும் வீட்டுக்காரர்களுடையவை, ஆனால் பராமரிப்பு இயக்ககத்துடையது. பருவம் மாறும்போது இயக்ககத்து ஆள் வந்து ஒன்றைத் துடைத்துத் திறந்துவிட்டு, மற்றதன் சுவிட்சைச் சுற்றிக் கம்பி கட்டி, ஈயக்கட்டியை இடுக்கியால் நசுக்கி முத்திரை வைத்துவிட்டுப் போவார். மனிதர்களுக்கு ஓய்வு கிடைக்கிறதோ இல்லையோ, மிஷினுக்கு ஓய்வு வேண்டும் என்பது இயக்ககத்தின் கொள்கை. வாசல் பலகையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும்.

முத்திரையைப் பிய்த்துவிட்டால் என்ன என்று எதிர்வீட்டுக் கண்டக்டர் ஏற்கெனவே பரிசோதித்துப் பார்த்துவிட்டார். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கை, கம்பியையும் கிழித்தது. மறுநாள் காலையில் இரண்டு பேர் வந்து, தவறானவர் கையிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, ஏசியைக் குழந்தையைப்போல் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் அது இருந்த இடத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. அதில் ஒரு புறா வந்து முட்டையிட்டது. புறாவைத் துரத்தக் கண்டக்டரின் மனைவி விடவில்லை. ஆகவே கண்டக்டர் தன் வீட்டிலேயே பூனைநடை நடந்துகொண்டிருந்தார்.

பாய்லர் தினமும் காலையும் மாலையும் ஓடியது. குளிர்காலம் அல்லவா. அக்கா ஹீட்டர் மேல் ஈரச்சாக்கைப் போட்டாள், அது அரைமணியில் அப்பளம்போல் விறைத்துக்கொண்டது. மின்விசிறி அடுப்பை ஊதுவதுபோல் ஊதியது. கணவரின் நெற்றியிலும் மார்பிலும் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். ஒருநாள் மத்தியானம் அவர் பேச்சு குழறியது. சாரத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டச் சொல்லி, அங்கே இல்லாத ஒருவரிடம் சத்தம் போட்டார். அன்றைக்கு மாலையே, கண்டக்டரின் மனைவியை அவருக்குத் துணையாக வைத்துவிட்டு, அக்கா இயக்ககத்துக்குப் புறப்பட்டாள். இரண்டு தெரு தள்ளித்தான். அதற்குள் முந்தானையைப் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்துவிட்டாள்.

உள்ளே நுழைந்ததும் முகத்தில் யாரோ ஐஸ்கட்டியை வைத்தது மாதிரி இருந்தது. கூடம் முழுக்க ஏசி. விசாரணை மேஜை அம்மாள் ஸ்வெட்டர் போட்டிருந்தார். குமாஸ்தாக்கள் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். இங்கே மட்டும் முத்திரை இல்லையா என்று அக்கா வாயைவிட்டே கேட்டுவிட்டாள். பருவத்தைத் தீர்மானிக்கிறவர்கள் பருவத்தால் பாதிக்கப்படக் கூடாது, அதனால் இயக்ககத்துக்கு விலக்கு என்று அந்த அம்மாள் விளக்கி, ஒரு டோக்கனைக் கிழித்துக் கொடுத்தார்.

டோக்கன் கூப்பிடுவதற்குள் அக்காவின் வியர்வை உலர்ந்து, நனைந்த ரவிக்கை முதுகில் குளிர்ந்து, பற்கள் ஒன்றோடொன்று தட்ட ஆரம்பித்துவிட்டன. பருவ அதிகாரியின் முன்னால் நின்றபோது அவளால் நேராகப் பேசக்கூட முடியவில்லை.

"கோடை வந்துடுச்சு சார். ஏசி முத்திரையக் கொஞ்சம் எடுத்துவிடணும்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "கோடைங்கறீங்க. இப்படி நடுங்கறீங்களேம்மா."

"இங்க குளிருதுங்க. வெளியில..."

"வெளியில எங்களுக்கு அதிகாரம் கிடையாதும்மா."

அவர் கெட்டவர் இல்லை. எழுந்து வந்து அவளைக் கூடத்தின் நடுத்தூணுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். தூணில் ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர், அதில் ஒரு சிவப்புக்கோடு. பாதரசம் அந்தக் கோட்டைத் தொட்டால் கோடை. தொடாதவரை குளிர்காலம். இதில் யாருடைய விருப்புவெறுப்பும் கலக்கவில்லை என்றார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

இதை வெளியில் மாட்டினால் என்ன என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"போன வருஷம் வரைக்கும் மொட்டமாடியிலதான் இருந்துச்சு. அங்க வெயில் படுதும்மா. வெயில் பட்டா தப்பாக் காட்டாதா? அப்பல்லாம் வருஷா வருஷம் கோடை வந்துக்கிட்டே இருந்தது. வேலை தாங்கல. உள்ள கொண்டாந்து மாட்டினப்புறந்தான் ஒரு ஒழுங்கு வந்திருக்கு."

அக்கா கணவரின் நிலைமையைச் சொன்னாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். உடல்நிலை காரணமாக முன்கூட்டியே முத்திரை நீக்க விதியில் இடமிருக்கிறது, ஆனால் ஆளை நேரில் பார்க்க வேண்டும், நாளைக்குக் கூட்டிவாருங்கள் என்றார். அக்காவுக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்போல் இருந்தது.

மறுநாள் கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, லிஃப்டில் இறக்கி, தலையில் ஈரத்துண்டைப் போட்டு, நிழல் எங்கே எங்கே என்று தேடித் தள்ளிக்கொண்டு வந்தாள். வரும்போது அவருக்குப் பாதி நினைவுதான். கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்ததும் முகத்தின் சிவப்பு வடிந்தது. கண்ணைத் திறந்து சுற்றும்முற்றும் பார்த்து, "யாரு வீட்டுக் கல்யாணம்? எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுட்டு வந்திருக்காங்க" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அக்கா சிரித்தாள்.

அதிகாரி வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"ஜில்லுன்னுதானே இருக்காரு. குளிர்காலத்துக்கு ஒத்துப்போற உடம்பும்மா இது. இவருக்கு எதுக்கு முன்கூட்டியே?"

என்ன சொன்னாலும் அது இங்கே உறைந்துபோய்விடும் என்று அக்காவுக்குத் தெரிந்தது. மனு நிலுவையில் இருக்கும், மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார். அவள் நாற்காலியின் பிடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"ஏம்மா, அந்தாளு சொன்னதுல என்ன தப்பு?" என்றார் கணவர். "இங்க நான் நல்லாத்தான் இருக்கேன். மனு நிலுவையில இருக்கிறவன் உட்கார்ந்து காத்திருக்கலாம்னு சுவத்துல எழுதியிருக்கு பாரு. தினமும் வந்து காத்திருப்போம்."

அப்படித்தான் காத்திருப்பு அவர்களுக்கு மருந்தாயிற்று. காலையில் பாய்லர் உறுமத் தொடங்குமுன் கிளம்பிவிடுவார்கள். டோக்கன் வாங்குவார்கள். கூப்பிட்டால், நீங்கள் போங்கள், நீங்கள் போங்கள் என்று பின்னால் இருப்பவர்களுக்கு வழிவிடுவார்கள். அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் தன் முறையை விட்டுக்கொடுத்த மனுதாரர்கள் அவர்கள்தான் என்பதால் குமாஸ்தாக்களுக்கு அவர்கள்மேல் தனி மதிப்பு. அக்கா சட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு காஜா எடுப்பாள். அறுந்துபோன ஸ்வெட்டர் பொத்தான்களைக் குமாஸ்தாக்கள் கொண்டுவந்து நீட்டுவார்கள், அதையும் தைத்துக் கொடுப்பாள். வாசல் காவலாளி நாற்காலியைப் படியேற்றிவிடும்போதெல்லாம், "வாங்க மாப்ள, மாமியார் வீடு ஒத்துக்குதா?" என்பார். கவனிப்புக்குக் குறைவில்லை, மாமியாரைத்தான் இன்னும் கண்ணில் காட்டவில்லை என்பார் கணவர்.

மத்தியானம் அவருக்குத் தூக்கம் வரும். தெர்மாமீட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கோடை வந்தா எழுப்பு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். அவள் சரிங்க என்பாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மறுபடி சூளைதான். ஆனாலும் பகல் முழுக்கச் சேர்த்துவைத்த குளிர்ச்சியில் ராப்பொழுது எப்படியோ கழிந்தது.

இந்தச் சங்கதி குடியிருப்புக்குத் தெரிய எத்தனை நேரமாகும்? முதலில் கண்டக்டர் விடுப்புப் போட்டுவிட்டு, புறாவைப் பற்றி ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தார். மாடிவீட்டுப் பெண், உடம்பெல்லாம் வேர்க்குரு போட்ட கைக்குழந்தையோடு வந்தாள். அப்புறம் யாருக்கும் மனுவுக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஹீட்டர் சூடாக இருக்கிறது என்று ஒருவர் எழுதினார், சூடாக இருப்பது நல்லதுதானே என்று மனுவைப் பெற்றுக்கொண்டார்கள். கூடம் நிரம்பி, நடைபாதை நிரம்பி, தரையும் நிரம்பியது. வெயிலை உடம்பில் சுமந்துகொண்டு வந்தவர்கள், ஆளுக்குக் கொஞ்சம் அங்கே இறக்கிவைத்தார்கள்.

பாதரசம் நகர்ந்ததை முதலில் பார்த்தவர் அக்காவின் கணவர்தான். வேலை இல்லாதவருக்குத்தானே அதையெல்லாம் பார்க்க முடியும்.

"கண்டக்டரே, இங்க வாங்க. ஏறுது."

கண்டக்டர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். பார்த்தார். அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. வாழ்நாள் முழுவதும் அறுபது பேர் பஸ்ஸில் நூறு பேரை ஏற்றியவர். வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, தொழில் குரலை எடுத்தார். உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்வளவு இடம் காலியா இருக்கு, படியில நிக்காதீங்க. தெருவில் போகிறவர்களைக்கூட ஏற்றினார். தூணைச் சுற்றி ஆட்கள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஏசிகள் மூச்சுவாங்கின. விசாரணை மேஜை அம்மாள் ஸ்வெட்டரின் மேல்பொத்தானைக் கழற்றினார், பிறகு அடுத்ததை. குமாஸ்தாக்கள் ஒருவரையொருவர் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டு ஸ்வெட்டரைத் தலைவழியே உருவினார்கள்.

பாதரசம் கோட்டுக்கு ஒரு நூல் கீழே வந்து நின்றது. அக்காவின் கையில் ஊசி பாதிவழியில் நின்றது. இன்றைக்கே கோடை வந்துவிடும், நாளைக் காலை முத்திரைக்காரர் வந்து கம்பியை வெட்டுவார், கணவர் தன் கட்டிலில் படுத்தபடியே குளிர்ந்து கிடப்பார் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கே அவளுக்குப் பயமாகவும் இருந்தது.

அப்போதுதான் மாடியிலிருந்து இயக்குநர் இறங்கிவந்தார். கழுத்தில் மஃப்ளர். கையில் ஆவி பறக்கிற காபி. அவரை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. படியின் நடுவில் நின்றபடியே பேசினார்.

"இந்த இயக்ககம் உங்களுக்காகத்தான் இருக்கு. ஆனா நீங்க இவ்வளவு கிட்ட வந்துட்டா அது எப்படி இயங்கும்? இப்ப இந்தப் பெட்டிக்குள்ள தெரியறது கோடை இல்ல, உங்க உடம்புச் சூடு. உங்க உடம்புச் சூட்டையெல்லாம் நான் பருவம்னு அறிவிச்சேன்னா, நாளைக்கு நாலு பேரு ஒண்ணா உட்கார்ந்தா அதுவும் ஒரு பருவம்னு ஆயிடும். முப்பது வருஷமா சர்வீஸ்ல இருக்கேன். எனக்கு ஒருநாள்கூட வியர்த்தது கிடையாது. அது இந்த நாற்காலிக்கு நான் காட்டற மரியாதை."

அவருக்குக் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் சிலர் தட்டினார்கள். அவர் நன்றி சொல்லிவிட்டு மேலே போனார்.

பிறகு நடந்ததை அந்த இயக்ககத்தில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். நிலுவையில் இருந்த மனுக்கள் அத்தனையும் அன்று மாலைக்குள் முடித்துவைக்கப்பட்டன. குமாஸ்தாக்கள் டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. கண்டக்டரின் மனுவுக்கு, பருவம் மாறும்வரை புறாவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று தீர்ப்பு. மனு முடிந்தவர்கள் மனுதாரர்கள் அல்ல, மனுதாரர் அல்லாதவர்கள் காத்திருக்க முடியாது. கூடம் காலியானது. நாற்காலிகளை அகற்றினார்கள். தெர்மாமீட்டரின் பாதுகாப்புக்காகத் தூணுக்கு நேர் எதிரே புதிதாக ஓர் ஏசி மாட்டினார்கள்.

அக்காவின் மனுவும் முடிந்துவிட்டது. மனுப் படிவத்தில் காரணம் எழுத இருந்த ஒரே கட்டம் மிஷினில் குறை என்பது, அவளும் அதில்தான் எழுதியிருந்தாள். குளிர்காலத்தில் ஏசிக்குக் குறை இருக்க முடியாது, ஓடாத மிஷினுக்கு என்ன குறை? ஆகவே குறை ஹீட்டரில்தான் இருக்க வேண்டும், நாளையே ஆள் அனுப்பிப் பழுது பார்க்கப்படும் என்று பருவ அதிகாரி மகிழ்ச்சியோடு சொன்னார்.

"வேண்டாம் சார். அது நல்லா கொதிக்குது."

"அதெப்படிம்மா விடறது? உங்க மனுதான் முதல் மனு."

சர்வீஸ்காரர் சொன்னபடி காலையிலேயே வந்துவிட்டார். குளிர்காலச் சீருடையான கம்பளிக் கோட்டு போட்டிருந்தார், அதற்குள் குளித்துவிட்டு வந்தவர்போல் நனைந்திருந்தார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். ஹீட்டரைத் தொட வேண்டாம், எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றாள். அவர் கட்டிலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"எனக்கும் கண்ணு இருக்குதுங்க்கா. ஆனா முழு வேகத்துல ஓடவிட்டுச் சோதிச்சதா அடியில பாய்லர் மீட்டர்ல பதிவு விழணும். விழலைன்னா நாளைக்கு வேற ஆளு வருவான், முதல்லேருந்து ஓடவிடுவான். சீக்கிரம் முடிச்சிடறேன்."

கணவரைக் கீழே கொண்டுபோய்விடலாம் என்று அக்கா நாற்காலியை இழுத்து வந்தாள். லிஃப்ட் ஓடவில்லை. பாய்லர் முழு வேகத்தில் ஓடும்போது மின்சாரம் போதாது, அதனால் சோதனை முடியும்வரை லிஃப்டை நிறுத்திவைப்பது வழக்கமாம். கண்டக்டர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். குழாய்கள் டொக்டொக்கென்று அடித்துக்கொண்டன. சுவர் சுட்டது. அக்கா வாளித் தண்ணீரை அப்படியே அவர் மேல் ஊற்றினாள், மெத்தையோடு நனைத்தாள். அது வெந்நீராகத்தான் இருந்தது.

"வர்ணம் காயறதுக்கு நல்ல நாளு" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "கோடை வந்தா எழுப்பும்மா" என்றார். அதற்கப்புறம் அவள் கூப்பிட்டதற்கெல்லாம் பதில் வரவில்லை.

சர்வீஸ்காரர் கம்பளிக் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சோதனையைப் பாதியில் விட்டுவிட்டு, அவரை முதுகில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். ஆஸ்பத்திரி தூரம். இயக்ககம்தான் கிட்டே. அக்கா கணவரின் தலையில் ஈரத்துணியைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடினாள். வாசலில் காவலாளி நின்றார். டோக்கன் இல்லை, மனு இல்லை. இன்றைக்கு அவர் மாப்ள என்று கூப்பிடவில்லை. கதவை அகலமாகத் திறந்துவிட்டார்.

நாற்காலிகள் இல்லாததால் தூணுக்குக் கீழே தரையில் படுக்கவைத்தார்கள். புதிய ஏசியின் காற்று நேராக அவர் மேல் விழுந்தது. சத்தம் கேட்டுப் பருவ அதிகாரி வந்தார், குனிந்தார், ஈரத்துணியை விலக்கி நெற்றியில் கை வைத்தார்.

"ஜில்லுன்னுதானே இருக்காரு" என்றார்.

அக்கா அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கணவரின் சட்டையில் ஒரு பொத்தான் திறந்திருந்தது, அதைப் போட்டுவிட்டாள்.

பிறகு மழைக்காலம் வந்தது. தெருவில் தண்ணீர் ஓடியது, ஜன்னலைத் திறந்தால் உடம்பு சிலிர்த்தது, நாய்கள் போர்வை தேடின. அந்தச் சமயத்தில் ஒருநாள் இயக்ககத்தின் ஏசிகள் எல்லாம் ஒன்றாக நின்றுபோயின. குடியிருப்பில் உள்ள மிஷின்களையெல்லாம் பராமரிக்கிற இயக்ககத்துக்குத் தன் மிஷின்களைப் பராமரிக்க ஆள் கிடையாது, விலக்கு அல்லவா. சாத்திய ஜன்னல்களுக்குள் ஸ்வெட்டர் போட்ட அத்தனை பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததில் பாதரசம் மளமளவென்று ஏறிச் சிவப்புக்கோட்டைத் தொட்டது. இயக்குநர் குடை பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து கோடையை அறிவித்தார். இந்த வருஷமும் ஒரு நாளும் பிசகாமல் பருவத்தைக் கணித்துவிட்டோம் என்றார்.

முத்திரைக்காரர் வீடு வீடாக வந்தார். கண்டக்டர் வீட்டு ஓட்டையில் இப்போது புறாக்குஞ்சுகள் இருந்தன, அவற்றை ஒதுக்கிவிட்டு, திருப்பிக் கொண்டுவந்த ஏசியை மாட்டக் கண்டக்டரே சம்மதிக்கவில்லை. அக்காவின் வீட்டில் முத்திரைக்காரர் ஹீட்டரைக் கட்டி நசுக்கிவிட்டு, ஸ்டூலில் ஏறி ஏசியின் கம்பியை வெட்டினார், துணியால் துடைத்தார், ஓடவிட்டார். கோடை முடியும்வரை தினமும் ஓட வேண்டும், நிறுத்தினால் மிஷின் கெட்டுவிடும் என்றார். குளிர்ந்த காற்று அறையைக் கடந்து நேராகக் கட்டிலின் மேல் போய் இறங்கியது. மழைச்சாரலில் நனைந்து வந்திருந்த அவருக்கே பற்கள் தட்டின.

"குளிர் போதுமாங்க்கா?"

அக்கா கணவரின் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். போதும் என்றாள். அவர் திருப்தி என்று குறித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டபிறகு அவள் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டாள். விரிப்பில் ஒரு சுருக்கமும் இல்லை.

"என்னங்க, கோடை வந்துடுச்சு" என்றாள்.